முதல் கோப்பையை நீட்டியது யார்?



பள்ளியில் படிக்கும் மகன் குடித்துவிட்டு வந்தான் என்று தெரிந்தால், நம் வீடுகளில் முதலில் அடி விழுகிறது. அடுத்து, ‘எந்தப் பயல் இவனைக் கெடுத்தான்?’ என்று தேடுகிறோம். இன்று ஒருவருடைய வாழ்வை நினைத்துப் பார்ப்போம்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1856ஆம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் மேட் டால்பட். 12 வயதில் மது வணிக நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே குடிக்கப் பழகினார். போதையில் வீடு வந்த மகனைத் தந்தை கடுமையாக அடித்தார். பிறகு, தாம் வேலை செய்த துறைமுகத்துக்கே அவரை மாற்றினார். அங்கோ விஸ்கி கிடைத்தது. குடி முற்றியது.

அந்தத் தந்தையைக் குறைசொல்லும் முன் நம் வீடுகளைப் பார்ப்போம். புதுநன்மை விருந்திலும் திருமண வீட்டிலும் பந்தலுக்குப் பின்னால் நடப்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ‘தம்பி, தண்ணீர் பாக்கெட்டும் மிக்சரும் வாங்கி வா, மிச்சக் காசை நீயே வைத்துக்கொள்’ என்று அனுப்புவது யார்? தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். நம் விருந்துகளில் அந்த வரம்பு இல்லை. பங்குப்பணியாளர்களாகிய நாமும் தப்ப முடியாது. மறையுரையில் குடியைக் கண்டிக்கிறோம். விருந்து வீட்டில் செபித்துவிட்டு, பின்னால் நடப்பதைப் பார்க்காததுபோல் புறப்பட்டு விடுகிறோம்.

மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ச்சி பெறுகிறது. ஆசையை அடக்கி, பின்விளைவை எண்ணிப் பார்க்கும் பகுதிதான் கடைசியில் முதிர்கிறது. ஆகவே 15 வயதில் குடிக்கத் தொடங்குபவர், வளர்ந்தபின் தொடங்குபவரைவிட எளிதில் அடிமையாகிறார். தவறு செய்த பிள்ளை கெட்ட பிள்ளை அல்ல; ஆபத்தில் இருக்கும் பிள்ளை.

டால்பட்டுக்கு 28 வயதானபோது ஒரு சனிக்கிழமை. கையில் காசில்லை. மதுக்கடை அருகே நின்றார். அவர் செலவில் முன்பு குடித்த நண்பர்கள் ஒருவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. மனம் நொந்து வீடு திரும்பியவர், குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுக்கப்போவதாகத் தாயிடம் சொன்னார். கடைப்பிடிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் எடு என்று சொல்லி, கடவுளின் பெயரால் மகனை அனுப்பினார் தாய். முதலில் மூன்று மாதத்துக்குத்தான் உறுதிமொழி எடுத்தார். அது 41 ஆண்டுகள், இறக்கும்வரை நீடித்தது. 1925இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். அடி மாற்றாத மகன், திரும்பி வந்தபோது, அவர் சொன்னதைக் கேட்க ஒரு தாய் வீட்டில் இருந்தார்.

நாம் என்ன செய்யலாம்? போதை தெளிந்தபின் பேசுவோம். அவன் பதிலை முழுவதும் கேட்போம். நண்பர்களின் கேலிக்குப் பயந்தானா, மனத்துயரை மறக்கக் குடித்தானா என்று அறிவோம். ‘எந்த நேரமானாலும் கூப்பிடு, திட்டாமல் வந்து அழைத்துப் போகிறேன்’ என்று இப்போதே சொல்லி வைப்போம். தொடர்ந்தால், ஊருக்கு அஞ்சி மறைக்காமல் மருத்துவரை நாடுவோம். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். குடித்துச் சுயநினைவின்றிக் கிடந்தால், ‘தூங்கி எழட்டும்’ என்று விட்டுவிடாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108ஐ அழைப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டில் வரவிருக்கும் அடுத்த விழாவை மதுவின்றி நடத்துவோம். உறவினர் சிலர் முகம் சுளிக்கலாம். நம் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அன்புத் தந்தையே, எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். அவர்களுக்கு இடறலாக இராதபடி முதலில் எங்களை மாற்றியருளும். ஆமென்.