தறி வாங்குவோருக்குச் சட்டம் தரும் காப்பு

(கணியூரில் கூடிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வியாபாரிகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களிலும், அவற்றால் விளையும் தகராறுகளிலும் ஜனங்களுக்குச் சட்டத்தில் உள்ள பாத்தியதை யாது என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி நமது காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். விஷயமோ பெரிது, நேரமோ சிறிது. ஆதலால் சட்டம் முழுவதையும் விரித்துரைக்க நான் முயலப்போவதில்லை. அமராவதிப் பாசனத்தை ஒரு கையிலும், திருப்பூர்ப் பக்கத்து நூல் தொழிலை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஜீவனம் செய்யும் இப்பகுதிக் குடும்பங்களுக்கு மிகவும் சமீபமான ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறேன். பிழைப்புக்காக ஒரு விசைத்தறியோ, பின்னல் இயந்திரமோ, தையல் இயந்திரமோ விலைக்கு வாங்குகிறோம். அது பழுதுள்ளதாய் அமைந்துவிடுகிறது. விற்றவர் கையை விரித்துவிடுகிறார். அப்பொழுது வாங்கினவர் நுகர்வோர் ஆணையத்தின் படியேறலாமா, கூடாதா? இதுவே அக்கேள்வி.

"நுகர்வோர் சட்டம் என்பது வீட்டுக்கு வாங்கும் மின்விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் ஏற்பட்டது; தொழிலுக்கு வாங்கும் இயந்திரத்துக்கு அதில் இடமில்லை" என்று நம்மவரில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். விற்பவர்களும் இதையே சொல்லி வாங்கினவரை வாய் மூடச் செய்கிறார்கள். இது பாதி உண்மை. பாதி உண்மையே முழுப் பொய்யைவிடத் தீங்கு செய்வது. மின்விசிறி பழுதானால் ஒரு கோடைக்காலம் புழுக்கத்தோடு போய்விடும். தறி பழுதானாலோ, வீட்டு நகையை அடகு வைத்த பணமும், வங்கியில் வாங்கிய கடனும் ஒருங்கே முடங்கிப்போகின்றன. தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத் தவணை மட்டும் நிற்பதில்லை. ஆகையால் இக்கேள்விக்கு விடை தெரிந்திருப்பது குடும்பம் நிலைப்பதற்கே அவசியமாகும்.

முதலில் பழைய சட்டத்தைச் சற்று நோக்குவோம். வாங்குகிறவனே கண் விழித்திருக்கவேண்டும் என்பது இங்கிலீஷ் சட்டத்தின் பழைய கொள்கை. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமும் அக்கொள்கையையே பொதுவிதியாகக் கொண்டது. ஆயினும் அதன் 16ஆவது பிரிவு ஒரு முக்கியமான விலக்கு அளித்தது. இன்ன காரியத்துக்காக இச்சரக்கு வேண்டும் என்று விற்பவருக்கு வாங்குபவர் தெரியப்படுத்தி, அவருடைய திறமையை நம்பி வாங்கினாரேயானால், அக்காரியத்துக்கு அச்சரக்கு தகுதியாயிருக்கவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதாமலே அடங்கிய நிபந்தனை என்பதே அது. இரண்டு வருஷம் கழித்து, 1932இல், இங்கிலாந்தில் பிரபுக்கள் சபையார், போத்தலில் அடைத்த பானம் ஒன்றில் நத்தை கிடந்ததாக எழுந்த வழக்கில், பண்டம் செய்தவர் அதைத் தம்மிடம் நேரே வாங்காத கடைசி உபயோகஸ்தரிடத்திலும் ஜாக்கிரதைக் கடமை உடையவர் என்று தீர்ப்பளித்தார்கள். சட்டம் இவ்வாறு நல்லதாகவே வளர்ந்தது. ஆனால் அதைக் கேட்டுப் பெறுவதற்கு சிவில் கோர்ட்டையன்றி வேறு வழியில்லை. ஸ்டாம்புக் கட்டணமும், வக்கீல் கட்டணமும், வருஷக்கணக்கான வாய்தாக்களும் ஏழைக்கு எட்டாதவையாயிருந்தன.

இக்குறையை நீக்கவே 1986ஆம் வருஷத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமது தேசத்தில் இயற்றப்பட்டது. அதன் ஸ்தானத்தில் 2019ஆம் வருஷத்துச் சட்டம் 2020 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. இரண்டு சட்டங்களும் ஒரு விஷயத்தில் ஒன்றே. வியாபார நோக்கத்துக்காகச் சரக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆகார். ஆனால் அதற்குக் கீழே ஒரு விளக்கம் உண்டு. சுயதொழில் செய்து தம் ஜீவனத்தைத் தேடிக்கொள்வதற்காக மட்டுமே ஒருவர் ஒரு பொருளை வாங்கித் தாமே உபயோகித்தால், அது வியாபார நோக்கமாகக் கருதப்படமாட்டாது என்பதே அவ்விளக்கம். நமது கேள்விக்குரிய திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. இதைச் சுப்ரீம் கோர்ட்டார் எவ்வாறு பொருள்படுத்தினார்கள் என்பதை மூன்று வழக்குகளால் காட்டுகிறேன்.

முதல் வழக்கு நமது கோயமுத்தூர் சம்பந்தப்பட்டது. மகாராஷ்டிர தேசத்தில் லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்னும் சிறுதொழில் ஸ்தாபனத்தார், கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டாரிடம் 1990இல் உலோகம் கடையும் இயந்திரம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். இயந்திரம் காலதாமதமாய் வந்ததென்றும் குறையுள்ளதென்றும் அவர்கள் பிராது செய்தார்கள். மகாராஷ்டிர மாநிலக் கமிஷன் அவர்களுக்கு நஷ்டஈடு விதித்தது. தேசியக் கமிஷனோ, அவர்கள் நுகர்வோரே அல்லர் என்று தள்ளிவிட்டது. 1995 ஏப்ரல் 4ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தேசியக் கமிஷனின் முடிவையே உறுதி செய்தார்கள். அவ்வியந்திரத்தின் தன்மையையும் வழக்கின் ஆதாரங்களையும் நோக்குமிடத்து, அது சுயதொழிலால் ஜீவனம் செய்வதற்கு மட்டும் வாங்கப்பட்டதன்று என்பது அவர்கள் கண்ட முடிவு. சிவில் கோர்ட்டுக்குச் செல்ல விரும்பினால், இதுவரை கழிந்த காலத்தைக் காலவரம்புக் கணக்கிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்ளலாம் என்றும் கூறினார்கள்.

பிராது செய்தவர் தோற்ற வழக்கை ஏன் எடுத்துச் சொல்லுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அவர் தோற்ற அதே தீர்ப்பில்தான் நம்போன்றவர்களுக்கு வழி திறந்தது. தாமே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ ரிக்‌ஷா வாங்குபவர் நுகர்வோர். தாமே தட்டச்சு செய்து பிழைப்பதற்காகத் தட்டச்சு இயந்திரம் வாங்குபவர் நுகர்வோர். கடைசல் இயந்திரம் வாங்கித் தாமே ஓட்டி, ஒருவர் இருவரை உதவிக்கு வைத்துக்கொள்பவரும் நுகர்வோரே என்று அத்தீர்ப்பு தெளிவாய் எடுத்துரைத்தது. கடைசல் இயந்திரத்துக்குச் சொன்னது தறிக்குப் பொருந்தாமற் போகுமோ?

இரண்டாவது வழக்கு 1996இல் முடிவானது. சீமா இன்ஜினீயரிங் என்னும் கம்பெனியிடம் செங்கல் செய்யும் இயந்திரம் வாங்கினவர் தொடுத்தது. சுயதொழில் என்றால், வாங்கினவர் தாமே அவ்வியந்திரத்தில் உழைத்துப் பிழைப்பது என்று கோர்ட்டார் பொருள் கூறினார்கள். "அவர்" என்னும் சொல்லில் அவருடைய குடும்பத்தாரும் அடங்குவர் என்றார்கள். ஆனால் குடும்பத்தாரே வேலை செய்கிறார்களா, ஆட்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் சாட்சியத்தால் தீர்மானிக்கவேண்டியவை. அதை நிரூபிக்கும் பொறுப்பு வாங்கினவருடையது என்றும் சொல்லி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள். கணவர் தறி ஓட்ட, மனைவி தார் சுற்ற, பிள்ளைகள் பெற்றோருக்குத் துணை நிற்கும் நம் வீடுகளுக்கு இதைவிட ஆதரவான வாக்கியம் வேண்டுவதில்லை. ஆனால் நிரூபிக்கும் பாரம் நம் தலைமேல் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது, 2009இல் முடிவான மதன்குமார் சிங் என்பவரது லாரி வழக்கு. ஜீவனத்துக்காக லாரி வாங்கினவர் ஒரு டிரைவரை அமர்த்திக்கொண்டாலும், அந்த லாரியாலேயே பிழைக்கிறார் என்பது மாறாது. அவர் நுகர்வோரே என்று அதில் தீர்ப்பாயிற்று.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நமக்கு விளங்குவது யாதெனில், இயந்திரத்தின் பெயரோ, அதில் உற்பத்தியாகும் சரக்கு சந்தைக்குப் போகிறது என்பதோ முக்கியமன்று. அதில் உழைப்பது யாருடைய கை, அதனால் வேகிறது யாருடைய உலை என்பதே முக்கியம். இரண்டு தறி போட்டுக் குடும்பத்தோடு ஓட்டுபவருக்கு வழி உண்டு. பல தறிகளை வரிசையாய்ப் போட்டு, ஆட்களுக்குக் கூலி கொடுத்து, தாம் கணக்குப் பார்ப்பவர் சிவில் கோர்ட்டைத்தான் நாடவேண்டியிருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவருடைய வழக்கு அவரவர் சாட்சியத்தின் பலத்தைப் பொறுத்தது.

அந்தச் சாட்சியத்தை வழக்கு வந்தபின் தேடுவது, வெள்ளம் வந்தபின் அணை போடுவதற்கு ஒப்பாகும். வாங்குகிற அன்றே செய்யவேண்டியவை சில உண்டு. இயந்திரம் என்ன துணிக்கு, எத்தனை அகலத்துக்கு, எவ்வளவு வேகத்துக்கு வேண்டும் என்பதை ஆர்டரில் எழுதிக் கொடுங்கள். கைச்சாத்தோடு பில் வாங்குங்கள். வரி மிச்சமாகும் என்று துண்டுச் சீட்டோடு திரும்பாதீர்கள். பில் கொடாதிருப்பதே நியாயமற்ற வியாபார முறை என்று இன்றைய சட்டம் சொல்லுகிறது. வாரண்டிக் காகிதத்தில் கடை முத்திரையும் தேதியும் இருக்கட்டும். பழுது கண்டால் வாயால் சொல்லுவதோடு நில்லாமல், தபாலிலோ மின்னஞ்சலிலோ தெரிவியுங்கள். மெக்கானிக் வந்து போன ஒவ்வொரு நாளையும் குறித்து வையுங்கள். வங்கிக் கடன் பத்திரத்தில் "சுயதொழில்" என்று எழுதியிருந்தால் அதன் நகலும், வீட்டிலேயே தறி ஓடுவதைக் காட்டும் மின்சார ரசீதும் உங்களுக்குச் சாட்சி சொல்லும். தேர்ந்த இன்ஜினீயர் ஒருவர் இயந்திரத்தைப் பார்த்து எழுதிக் கொடுக்கும் அறிக்கை எல்லாவற்றிலும் மேலானது.

இனி, ஒப்பந்தக் காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு எழுத்தில் அச்சிட்ட ஷரத்துகளைக் கண்டு பயந்துவிட வேண்டாம். வாசியாமல் கையெழுத்திடவும் வேண்டாம். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து ஒருபோதும் கூடாது. "விற்ற சரக்கு வாபஸ் வாங்கப்படமாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும், பழுதுள்ள சரக்கைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்க மறுப்பது நியாயமற்ற முறையே. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்பது சட்டத்தின் கணக்கு. அளவுக்கு மிஞ்சிய முன்பணம் கேட்பதும், சிறு தவறுக்குப் பெருந் தண்டம் விதிப்பதும், உரிய அபராதத்தோடு கடனை முன்கூட்டிச் செலுத்த வந்தால் ஏற்க மறுப்பதும், தக்க காரணமின்றி ஒரு தரப்பாரே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் வைப்பதும் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று 2019ஆம் வருஷத்துச் சட்டம் முதன்முறையாகப் பெயரிட்டிருக்கிறது. அத்தகைய ஷரத்தைச் செல்லாதென்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. தகராறு வந்தால் மத்தியஸ்தரிடமே போகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பது எம்மார் கம்பெனி வழக்கில் 2018இல் சுப்ரீம் கோர்ட்டாரால் உறுதியாயிற்று.

பிராது செய்யும் விதம் இப்பொழுது எளிதாயிருக்கிறது. முன்னெல்லாம் எதிராளி இருக்குமிடத்திலோ, வியாஜ்ஜியம் விளைந்த இடத்திலோதான் பிராது செய்யலாம். இப்பொழுது நாம் வசிக்கும் ஜில்லாவிலேயே செய்யலாம். சூரத்திலோ லூதியானாவிலோ உள்ள கம்பெனியானாலும், கணியூர்வாசி திருப்பூர் மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையில் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரையில் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரையில் 200 ரூபாய். 20 லட்சம் வரையில் 400 ரூபாய். வக்கீல் இல்லாமல் தாமே வாதாடலாம். வியாஜ்ஜியக் காரணம் தோன்றிய இரண்டு வருஷத்துக்குள் பிராது கொடுத்தாகவேண்டும். "நாளை ஆள் அனுப்புகிறோம்" என்னும் வாக்கை நம்பி அநேகர் கெடுவைத் தவறவிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மூன்று மாதத்திலும், பரிசோதனை வேண்டியிருந்தால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதிகக் காலம் செல்லுவதுண்டு. ஆதலால் முதலில் 1915 என்னும் தேசிய உதவி எண்ணில் முறையிட்டு, சமாதானமாய்த் தீருமா என்று பார்ப்பது நலம்.

நுகர்வோர் என்னும் வட்டத்துக்குள் வராத பெரிய முதலாளிகளுக்கும் இரண்டு செய்திகள் உண்டு. தீ முதலிய விபத்துக்காகச் செய்துகொள்ளும் இன்ஷூரன்ஸ், லாபம் ஈட்டுவதற்கன்று, நஷ்டத்தை ஈடுசெய்வதற்கே. ஆகையால் வியாபார ஸ்தாபனமும் அவ்விஷயத்தில் நுகர்வோராகலாம் என்று ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023இல் தீர்ப்பாகியிருக்கிறது. மற்றொன்று, நாம் வாங்குபவராயன்றிக் கூலிக்கு நெய்து கொடுப்பவராய் நின்று, பணம் வராமல் திண்டாடும்போது, 2006ஆம் வருஷத்துக் குறு, சிறு தொழில்கள் சட்டம் உதவும். உத்யம் பதிவு செய்த சிறுதொழிலாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருப்பினும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தல் கூடாது. வைத்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி ஏறும். அது தனியே ஒரு பிரசங்கத்துக்குரிய விஷயமாதலால் இம்மட்டில் நிறுத்துகிறேன்.

கடைசியாக ஒன்று. நம்மவரில் வாங்குபவர் மட்டுமல்லர், விற்பவரும் உண்டு. நாம் வாங்கும்போது எதிர்பார்க்கும் நேர்மையை, விற்கும்போது நாமே காட்டவேண்டும். பில் கொடுப்பதும், பழுதை ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுப்பதும் வியாபாரத்தைக் குறைப்பதில்லை, பெருக்குவதே வழக்கம்.

இச்சபையோரிடத்தில் நான் வேண்டிக்கொள்வது ஒரு சிறு காரியமே. படித்த இளைஞர் இருவர் மூவரை நமது சங்கம் நியமித்து, அங்கத்தினர் எவரேனும் இயந்திரம் வாங்கக் கையெழுத்திடுமுன் அக்காகிதங்களை வாசித்துப் பொருள் சொல்ல ஏற்பாடு செய்யவேண்டும். அதற்கு அதிகப் பணம் செலவாகாது. ஒரு மணி நேரம் செலவாகும். அந்த ஒரு மணி நேரம் ஒரு குடும்பத்தின் நகையையும் வீட்டையும் காப்பாற்றக்கூடும். சட்டம் விளக்கைப் போன்றது. ஏற்றிவைத்தவர்கள் நம் சட்டசபையார். திரியைத் தூண்டிவிடுவது நம் வேலை.