பழைய காரும் கொஞ்சம் கிரீசும்



பழைய மோட்டார் கார்களைப் பேணுவது எப்படி என்பதுபற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் பொறியியல் கற்றவன் அல்லன். கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். என் தந்தையார் விட்டுச்சென்ற 1955ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் காரைப் பல ஆண்டுகளாகக் காத்து வருகிறேன் என்பதே இதுபற்றிப் பேச எனக்குள்ள தகுதி. அந்தத் தகுதியையும் ஒரு பெரும் பிழை செய்த பிறகுதான் பெற்றேன்.

மாரிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த சிறு கார். 1948ஆம் ஆண்டில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிப்பட்டது. பத்து லட்சத்துக்கு மேல் உற்பத்தியான முதல் பிரிட்டிஷ் கார் அதுவே. எங்கள் வண்டியின் எஞ்சின் 803 சி.சி. கொள்ளளவு உடையது, இன்றைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றின் எஞ்சின் இதைவிடப் பெரியது!

தந்தையார் காலமானபின் அந்த வண்டி மூன்று ஆண்டுகள் கொட்டகையில் கிடந்தது. பிறகு எனக்கு ஆசை பிறந்தது. புதுப் பெயின்ட் அடித்தேன். இருக்கைகளுக்குத் தோல் மாற்றினேன். முன்புறக் கம்பிகளுக்கு முலாம் பூசினேன். பார்த்தவர்கள் வியந்தார்கள். ஒரு நாள் மாலை, பத்து வயது மகளைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, கும்பகோணத்தில் மகாமகக் குளத்தின் மூலையில் வண்டியைத் திருப்பினேன். மனிதர் நடக்கும் வேகந்தான். ஏதோ முறிந்தாற்போல் ஓர் ஓசை. வண்டியின் இடப்பக்க முகப்பு தரையில் அமர்ந்தது. இறங்கிப் பார்த்தால், முன்சக்கரம் கால் மடித்த மாடுபோல் வண்டிக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் தஞ்சாவூர்ச் சாலையில் நாற்பது மைல் வேகத்தில் வந்திருந்தோம்.

தந்தையார் காலத்திலிருந்தே அந்த வண்டியை அறிந்த முதிய மெக்கானிக் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். “தம்பி, முகத்துக்குப் பவுடர் பூசினீர்கள், காலைத் திரும்பிப் பார்க்கவில்லையே” என்றார். வண்டிக்குள் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த தட்டிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை தேதியிட்டு, “கிரீஸ்” என்று என் தந்தையார் தம் கையாலேயே எழுதி வைத்திருந்தார். மூல ஆவணங்களைப் படியுங்கள் என்று மாணவர்களுக்கு நாள்தோறும் சொல்லும் நான், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அந்த ஆவணத்தைப் புரட்டியதே இல்லை.

நடந்தது இதுதான். இந்தக் காரில் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் கிங்பின் என்ற தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் திருகாணியைப்போலப் புரிகள் உண்டு. இரண்டு முனைகளும் ட்ரன்னியன் என்னும் உலோகக் கட்டைகளுக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்தப் புரிகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்கின்றன. இடையே கிரீஸ் இருக்கும்வரை தீங்கில்லை. கிரீஸ் காய்ந்து, மணலும் நீரும் புகுந்தால் புரிகள் அரத்தால் ராவியதுபோல் தேய்ந்துவிடும். பிடிமானம் முற்றும் போனபின் தண்டு கழன்றுவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதே கழல்கிறது. அது நம் நல்வினை.

ஆகவே ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். வண்டி குறைவாக ஓடினாலும் ஆண்டுக்கு இருமுறையாவது அடியுங்கள். சக்கரம் தரையில் நிற்கும்போது வண்டியின் பாரம் புரிகளை ஒரு பக்கமாக இறுக்கிப் பிடித்திருக்கும். அங்கே கிரீஸ் நுழையாது. சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டு ஒன்றின்மேல் வண்டியை நிறுத்தி, கறுத்த பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தென்படும்வரை அழுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். பின்னர்ச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென ஆடினால் வண்டி அன்று வீட்டைவிட்டுப் புறப்படக் கூடாது.

ஓடாத வண்டி கெடாது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. எஞ்சினை வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஓடவிடுவோர் உண்டு. இது ஓடவிடாமல் இருப்பதைவிடத் தீது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் நன்கு சூடேறினால் அது வெளியேறிவிடும். சூடேறாவிட்டால் உள்ளேயே நீராகி எண்ணெயில் கலக்கும். ஆகையால் இரு வாரங்களுக்கு ஒருமுறை பத்து மைலாவது ஓட்டிவாருங்கள். ரேடியேட்டரில் உப்புக் கிணற்று நீரை ஊற்றாதீர்கள். வடித்த நீருடன் துருத் தடுப்பான் கலந்து ஊற்றுங்கள்.

பெட்ரோலைப் பற்றி இன்றைய நிலையில் ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் நின்றுவிட்டது. ஈயம் பழைய எஞ்சின்களின் வால்வு அமரும் இடங்களைத் தேயாமல் காத்துவந்தது. எஞ்சினைப் பிரிக்க நேரும்போது அங்கே கடின உலோக வளையங்களைப் பொருத்திவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. 2025ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கி வெடிக்கச் செய்யும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்களை உடனே மாற்றிவிடுங்கள்.

பிரேக் எண்ணெயும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். மாரிஸ் மைனரில் அதன் பாத்திரம் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினாலன்றித் தெரியாது. தெரியாததாலேயே பலர் மறந்துவிடுகிறார்கள்.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை. இந்தக் காரில் பாட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களிலோ எதிர்முனை. இதை அறியாமல் புதிய ரேடியோ ஒன்றைப் பொருத்தி, பாடும் முன்பே அதைப் புகையவிட்டவன் நான்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்ய 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி வகுத்தது. அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாட வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. உரியவர்கள் அந்த விதிகளைப் படித்துக்கொள்ளட்டும்.

இத்தகைய கார்களைக் கண்ணால் காண விரும்பும் மாணவர்கள் கோயம்புத்தூரில் அவிநாசி சாலையிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அங்கே வண்டிகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சற்றுக் குனிந்து, முன்சக்கரங்களின் பின்புறத்தில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.