மழைக்கு முன் டயர்

(சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிறு கூட்டத்தில் பேசியது. சிலர் எழுத்தில் கேட்டதால், அன்று நேரமில்லாமல் விட்ட இரண்டொரு விஷயங்களையும் சேர்த்துத் தந்திருக்கிறேன்.)



பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். எனக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டி விவகாரம் இருக்கிறது என்பதால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பி பிளாக்கில் ஒரு தம்பி பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். நல்ல வண்டி, நல்ல இழுவை. டயர் மட்டும் தேய்ந்திருந்தது. லிஃப்ட் அருகில் நிறுத்தி, "அங்கிள், 16 இன்ச்சை எடுத்துட்டு 18 இன்ச் அலாய் போட்டு, அகலமா டயர் போடலாம்னு இருக்கேன். எந்த பிராண்டு நல்லது?" என்று கேட்டார். எந்த பிராண்டு என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்றேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஆனால் முதலில் என் கதை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அரசூரில் வெள்ளம் ஏறி திருச்சி நெடுஞ்சாலையே நின்றது. அதற்கு இரண்டு வாரம் கழித்து, மறுபடி நல்ல மழை பெய்த ஒரு மாலை, விழுப்புரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மனைவி, பின் சீட்டில் மகள். வளவனூர் தாண்டி லேசான வளைவு. வேகம் 80, 85 இருக்கும். வளைவின் ஓரத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. முன் சக்கரங்கள் அதைக் கடந்துவிட்டன. அடுத்த நொடி வண்டியின் பின்பக்கம் எங்களை முந்திக்கொண்டு போனது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சுழன்று, வந்த திசையைப் பார்த்தபடி மண்ணில் இறங்கி நின்றோம். பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அவ்வளவுதான், அதனால் இன்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வண்டிக்கு ஒரு மாதம் முன்புதான் இரண்டு டயர் புதிதாகப் போட்டிருந்தேன். நான்கும் தேய்ந்திருந்தன, செலவைப் பார்த்து இரண்டுதான் வாங்கினேன். "முன் சக்கரம் இழுக்கிற வண்டி, புதுசை முன்னாடி போடுங்க" என்றார்கள் கடையில். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஸ்டியரிங் முன்னால், இஞ்சின் முன்னால், பிரேக்கில் பெரும்பங்கு முன்னால். ஆக பின்னால் போனது, இரண்டரை மில்லிமீட்டர் பட்டன் மிஞ்சியிருந்த பழைய ஜோடி.

தவறு அங்கேதான். முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம். வேகம் குறையும், பிடிப்பு திரும்பக் கிடைக்கும். அதாவது, பயத்தில் செய்வதே சரியான செயலாக அமைந்துவிடுகிறது. பின் டயர் வழுக்கினால் கதை தலைகீழ். காலை எடுத்ததும் எடை முன்னால் போகும், பின்பக்கம் இன்னும் லேசாகும், சுழற்சி கூடும். பந்தய ஓட்டுநர் சமாளிக்கலாம். பின் சீட்டில் மகளை வைத்துக்கொண்டு வருகிற நம்மால் முடியாது. அதனால்தான் முன் சக்கர வண்டியோ பின் சக்கர வண்டியோ, இரண்டு மட்டும் மாற்றுவதானால் புதிய ஜோடி பின்னால் போக வேண்டும் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. பின்னால் இருக்கும் நல்ல ஜோடியை முன்னால் மாற்றச் சொல்லிவிட்டு, புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 205 மி.மீ. அகலமுள்ள டயர், சாலையில் 3 மி.மீ. தண்ணீர், வேகம் 80. ஒவ்வொரு டயரும் வினாடிக்கு 13, 14 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். கிட்டத்தட்ட ஒரு குடம். ஒவ்வொரு வினாடியும் ஒரு குடம் தண்ணீர் அந்தப் பள்ளங்கள் வழியாக வெளியேற வேண்டும். முடியாமல் போனால் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். புது டயரில் பள்ளம் 7, 8 மி.மீ. ஆழம் இருக்கும். பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அவை 1.6 மி.மீ. உயரம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது. நம் ஊர் மழைக்கு நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். 3 மி.மீ. வந்ததும், அதுவும் அக்டோபருக்கு முன்பே, மாற்றிவிடுவேன்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. 1960களில் அமெரிக்காவின் நாசா, விமான டயர்கள் ஈர ஓடுதளத்தில் மிதப்பதை ஆராய்ந்து ஒரு சூத்திரம் சொன்னது. அதைக் காருக்கு உத்தேசமாகப் போட்டுப் பார்த்தால், 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள வழவழப்பான டயர் சுமார் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும்; 25 பி.எஸ்.ஐ.யில் 83 கி.மீ. வேகத்திலேயே. கார் டயருக்கு இது துல்லியமான எண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்று குறைந்தால் ஆபத்து சீக்கிரம் வரும் என்பது மட்டும் உறுதி. (நைட்ரஜன் போடலாமா என்று ஒருவர் கேட்டார். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசில் ஒரு பிரஷர் கேஜ் வாங்கி, காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள்.)

இனி தம்பியின் 18 இன்ச்சுக்கு வருவோம். அவர் வண்டியில் எழுதியிருப்பது 205/55 ஆர் 16 91 வி. 205 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மி.மீ. 16 என்பது ரிம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. "240ல யாரு போகப் போறா, 190க்கான டி எழுத்து போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எழுத்து வெறும் வேகம் மட்டும் சொல்வதில்லை. வெப்பத்தைத் தாங்கும் கட்டுமானத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மே மாதம் இரண்டு மணி வெயிலில், நான்கு பேரும் சாமான்களுமாகத் திண்டிவனம் போகும்போது அது தேவைப்படும். கம்பெனி கொடுத்த எடை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே மட்டும் இறங்காதீர்கள்.

18 இன்ச்சுக்குப் போனால் பொருத்தமான அளவு 225/40 ஆர் 18. மொத்த விட்டம் 632 மி.மீ.யிலிருந்து 637 ஆகும். ஸ்பீடோமீட்டருக்குப் பெரிய மாற்றமில்லை. ஆனால் பக்கச்சுவர் 113லிருந்து 90 ஆகிவிடும். அந்த 23 மி.மீ.தான் பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுகிறது. நம் சர்வீஸ் ரோட்டையும், பெயின்ட் அடிக்காத வேகத்தடைகளையும் நினைத்துப் பாருங்கள். பக்கச்சுவரில் கொப்புளம் வந்தால் பஞ்சர் கடையில் சரிசெய்ய முடியாது. டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அகலம் கூடினால் காய்ந்த சாலையில் வளைவில் பிடிப்பு கூடும், உண்மை. அதே அகலம் மழையில் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருக்கும், அதே பட்டனில் சீக்கிரம் மிதக்கும்.

இன்னொரு சிக்கல், பலருக்குத் தெரியாதது. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அதன் பிறகு 18, 19 இன்ச் ஸ்போர்ட்ஸ் டயர்களுக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். ஒன்று வெடித்தால் அதே மாடலில் இன்னொன்று கிடைக்காமல், வாரக்கணக்கில் வண்டி நின்றுவிடும். அலாய் வாங்கும் முன், அந்த அளவில் டயர் கைக்குக் கிடைக்கிறதா என்று இரண்டு கடையிலாவது கேளுங்கள். எப்படியோ வந்து சேர்ந்த டயர் என்று மலிவாகக் கொடுத்தால், பக்கச்சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் நாம் டயர் நாட்டில்தான் இருக்கிறோம். திருவொற்றியூரில் 1946ல் பலூன் செய்யத் தொடங்கிய மாமன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப். நிறுவனத்துக்கு, நமக்குப் பக்கத்திலேயே நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்தில் தொழிற்சாலை இருக்கிறது. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. டயர். 16 இன்ச்சில் இங்கே செய்தது தாராளமாகக் கிடைக்கும்.

சரி, கடைசிக் கேள்வி: எந்த டயர்? ஒரே கம்பெனியிலேயே இரண்டு சாதி உண்டு. மிஷலினில் பிரைமசி என்பது சொகுசுக்கு, பைலட் ஸ்போர்ட் என்பது வேகத்துக்கு. பிரிட்ஜ்ஸ்டோனில் டுரான்சா, பொடென்சா. ஸ்போர்ட் வகை பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும், கொஞ்சம் இரையும். சொகுசு வகை நிறைய ஓடும், சத்தமில்லாமல் போகும். பக்கச்சுவரில் டிரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். 200 என்றால் ரேஸ் டிராக்கை மனதில் வைத்தது. 400க்கு மேல் என்றால் நீண்ட நாள் உழைக்க. அந்த எண்ணைக் கம்பெனிகளே சோதித்துப் போட்டுக்கொள்வதால், ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போகிற இளைஞர்கள் மென்மையான டயர் போடுவார்கள். அவர்களால் மழை வந்தால் வேறு டயர் மாட்ட முடியும். நம்மால் வளவனூரில் நிறுத்தி மாட்ட முடியாது.

நான் முதலில் பார்ப்பது ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரம். ஐரோப்பாவில் ஒவ்வொரு டயருக்கும் லேபிள் உண்டு, ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் ஈ வரை தரம் போட்டிருப்பார்கள். இங்கேயும் ஈரப் பிடிப்பு, உருளும் தடை, சத்தம் மூன்றுக்கும் குறைந்தபட்ச அளவு கட்டாயமாகிவிட்டது. புது வடிவங்களுக்கு 2022 அக்டோபரிலிருந்து, ஏற்கெனவே இருந்தவற்றுக்கு 2023லிருந்து. அது பாஸ் மார்க் மாதிரி. யார் முதலிடம் என்று சொல்லாது. ஐரோப்பிய லேபிளை இணையத்தில் பார்க்கலாம். ஆனால் அதே பெயரில் இங்கே விற்கும் டயரின் ரப்பர் கலவை வேறாக இருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள்.

பில் போடும் முன் ஒன்று. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32வது வாரம் செய்தது. தள்ளுபடி அதிகமாக இருந்தால் இந்த எண்ணை இரண்டு முறை படியுங்கள். இது நம் பார்க்கிங்குக்கும் பொருந்தும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் கார்கள் சில, திறந்த வெயிலில் வருஷக்கணக்கில் நிற்கின்றன. பட்டன் புதுசு போலவே இருக்கும், ரப்பர் வெடித்திருக்கும். ஐந்து வருஷம் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை காட்டுங்கள். பத்து தாண்டினால் எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

மாட்டிய பிறகு முதல் இருநூறு கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். புது டயரின் மேல்பூச்சு போக அவ்வளவு ஆகும்.

பி பிளாக் தம்பி கடைசியில் 16 இன்ச்சிலேயே நான்கு டயர் போட்டார். ஸ்போர்ட் வகைதான், அது அவர் ஆசை. அலாய்க்கு வைத்திருந்த பணத்தில் மிச்சமும் இருக்கிறதாம். அவர் அம்மா என்னிடம் நன்றி சொன்னார். தம்பி இன்னும் சொல்லவில்லை, கொஞ்சம் கோபம் போலிருக்கிறது.

பட்டன் ஆழம் அளக்கும் கேஜ் ஒன்றை செக்யூரிட்டி அறையில் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்து அளக்கலாம். எப்படி அளப்பது என்று தெரியாவிட்டால், ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் கீழே வண்டி துடைத்துக்கொண்டிருப்பேன், கேளுங்கள். அளந்ததும் டிராயரிலேயே திருப்பி வைத்துவிடுங்கள். போன கேஜ் காணாமல் போய்விட்டது.