நெஞ்சில் தங்கும் தூசி



இசையும் நாடகமும் காண வந்த அவையில் நோயைப் பற்றிப் பேச முற்பட்டோம், பொறுத்தருள வேண்டுகிறோம்.

குடுபல்லிப் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குத் தங்கச் சுரங்கம் புதிதன்று. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது, எல்லைக்கப்பாலுள்ள கோலார் தங்கவயலும், நம் பக்கத்துப் பிசாநத்தம், சிகுருகுண்டா சுரங்கங்களும் ஓய்ந்தன. ஆயினும் அவற்றுள் இறங்கியவர் மூச்சோடு ஏற்ற தூசி ஓயவில்லை. பாறையைத் துளைக்கையில் எழும் படிகக்கல் தூசி நுரையீரலின் ஆழத்தில் தங்கி, அவ்விடத்தைத் தழும்பாக்கிவிடுகிறது. இதுவே சிலிகோசிஸ். தங்கவயலில் 1940 முதல் 1946 வரை 7,000க்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்த மருத்துவர்கள், நூற்றுக்கு 40க்கு மேற்பட்டோரிடம் இதனைக் கண்டனர். சிலிகோசிஸ் உள்ளவரைக் காசமும் எளிதில் பற்றும். ஆதலின் காசம் என்று எழுதிய சீட்டின் பின்னே சுரங்கம் மறைந்துபோவதுண்டு.

கல்நாரும் இவ்வினத்ததே, ஆனால் புற்றுநோயை விளைப்பதில் இதனினும் கொடியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டில் சிமெண்டோடு கலந்திருப்பது அந்த நார்தான். 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்பாரும் அவர்தம் துணைவரும், நுரையீரல் உறையில் தோன்றும் அரிய புற்று 33 பேருக்கு வந்ததை வெளியிட்டனர். அவர்களுள் சுரங்கத்தில் கால்வைக்காதவரும், அப்பக்கத்தில் சிறுவராய் வாழ்ந்தவரும் இருந்தனர். நார் புகுந்த பின் 30, 40 ஆண்டு கழித்தே நோய் தலைகாட்டும் என்பது அதனால் விளங்கிற்று.

இப்பொழுது கண்ணுக்குத் தெரியாத நானோப் பொருள்கள் வந்துள்ளன. 2008இல் எடின்பரோ ஆய்வாளர், நீண்ட கரி நானோக் குழாய்களைச் சுண்டெலியின் வயிற்றறையில் செலுத்தி, கல்நார் செய்யும் கேட்டையே அவையும் தொடங்குவதைக் கண்டனர். இப்புதுப்பொருளுக்குச் சோதனை எலியில் தொடங்கிற்று. கல்நாருக்கோ, உழைத்தவர் நெஞ்சிலேயே நடந்தது!

யார், எங்கே, எத்தனை ஆண்டு உழைத்தார் என்னும் பதிவின்றி இவ்வாராய்ச்சி எதுவும் நடவாது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவைக் குறைந்தது 40 ஆண்டு காக்கும்படி 1995இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மூடிய சுரங்கத்தாரின் பதிவை யார் காப்பர்? பரணில் கிடக்கும் வேலைச்சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் எறிந்துவிடாதீர். டாக்டரிடம் செல்லும்போது, இருமலுக்கு முன் இறங்கிய ஆண்டுகளைச் சொல்லுங்கள். பழைய கூரைத் தகட்டை வீட்டில் அறுக்கவோ உடைக்கவோ வேண்டா. அகற்றியே ஆகவேண்டுமெனில் நன்கு நனைத்து, முழுத் தகடாகவே இறக்குக.

இச்சங்கத்தில் ஒரு பதிவேடு திறக்க உங்கள் இசைவை வேண்டுகிறோம். பாட்டனார், தந்தையார் எந்தச் சுரங்கத்தில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன வேலை செய்தார் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் எழுதித் தந்தால் போதும்.