சோதனைத் தாளும் மருத்துவரின் விளக்கமும்

(புக்கிட் செந்தோசாவில், சுற்று வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒவ்வாமை. அதிலும் குறிப்பாக, ஒவ்வாமையைக் கண்டறிவதற்கென இரத்தம் எடுத்துச் செய்யப்படும் சோதனை. இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒரு தாள்.

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டும் அம்மையார் ஒருவர் அத்தாளை என்னிடம் கொண்டு வந்தார். அவருடைய மகனுக்கு எட்டு வயது. சில மாதங்களாக அவன் உடம்பில் தடிப்புத் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு, சேமித்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்து, ஓர் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு இரத்தச் சோதனை செய்திருக்கிறார். நாற்பதுக்கும் மேற்பட்ட பொருள்களின் பெயர்கள் அத்தாளில் வரிசையாக இருந்தன. அவற்றுள் சிலவற்றிற்கு எதிரே சிவப்பு எழுத்து. அதன் பொருளை விளக்க அங்கு மருத்துவர் எவரும் இல்லை. தாய் என்ன செய்வார்? சிவப்பில் கண்ட அனைத்தையும் நிறுத்திவிட்டார். முட்டை இல்லை, பால் இல்லை, கோதுமை இல்லை, இறால் இல்லை, நிலக்கடலை இல்லை. மூன்று மாதம் கழித்து அவர் என்னிடம் வந்தபோது பையன் மெலிந்திருந்தான். தடிப்போ குறையவே இல்லை.

சோதனை பொய் சொல்லிற்றா? இல்லை. சோதனை கூறியது ஒன்று, நாம் புரிந்துகொண்டது மற்றொன்று. இந்த வேறுபாட்டைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன்.

கிருமிகளோடும் குடற்புழுக்களோடும் போரிடுவதற்கு நம் உடம்பு எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றுள் ஒரு வகைக்கு ஐ.ஜி.இ. என்று பெயர். சிலருடைய உடம்பு, தீங்கு செய்யாத இறாலையும் தூசியையும்கூடப் பகையென்று எண்ணி, அவற்றிற்கு எதிராகவும் ஐ.ஜி.இ.-யை உண்டாக்கிவிடுகிறது. அந்த ஐ.ஜி.இ. தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள சில அணுக்களின்மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே பொருள் மறுமுறை உள்ளே வரும்போது அந்த அணுக்கள் வெடித்து, ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளியிடும். தடிப்பு, தும்மல், மூச்சிரைப்பு, மயக்கம் யாவும் அதனால் விளைபவை.

இரத்தத்தில் இப்படி ஒரு பொருள் உண்டு என்பது 1921-ஆம் ஆண்டிலேயே ஒருவாறு தெரிந்தது. ஜெர்மனியில் ஹைன்ஸ் குஸ்ட்னர் என்னும் மருத்துவருக்கு மீன் ஆகாது. அவருடைய இரத்த நீரைக் கார்ல் பிராஸ்னிட்ஸ் என்பவர் தம் தோலுக்குள் ஊசியால் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் தோல் தடித்தெழுந்தது! பிறருடைய ஒவ்வாமையைத் தம் கையில் வாங்கிக்கொண்டு உண்மையைக் கண்டறிந்த அந்த மனிதரின் துணிவை நான் வியப்பதுண்டு. ஆயினும் அப்பொருள் இன்னதென்று பிரித்தறிய மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய இணையர் இஷிசாக்கா தம்பதியரும், சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் யொஹான்சன், பென்னிக் ஆகியோரும் 1960-களின் பிற்பகுதியில் அதனைக் கண்டறிந்தனர். அதன் பின்னரே இரத்தத்தில் அதனை அளக்கும் சோதனையும் வந்தது.

அச்சோதனை செய்யும் முறை எளிது. கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுக்கப்படும். இறால், தூசிப்பூச்சி, ரப்பர்ப் பால் எனச் சந்தேகத்திற்குரிய பொருளின் புரதத்தோடு அந்த இரத்த நீரைச் சேர்த்து, அதில் எவ்வளவு ஐ.ஜி.இ. ஒட்டுகிறது என்று அளப்பார்கள். லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட் என்பது நெடுங்காலமாக எல்லைக்கோடாகக் கொள்ளப்பட்டு வருகிறது. இப்போதைய கருவிகள் 0.10 வரையிலும் அளக்கின்றன. பல தாள்களில் சுழியம் முதல் ஆறு வரை தரம் பிரித்தும் எழுதியிருப்பார்கள்.

ஆனால், எண் பெரிதாக இருந்தால் ஒவ்வாமை இருப்பதற்கான வாய்ப்பு அதிகம் என்றுதான் பொருள். வரும் வினை கடுமையாக இருக்கும் என்று பொருளன்று. ஆறாம் தரம் உள்ளவர் அரிப்போடு தப்பலாம். இரண்டாம் தரம் உள்ளவர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போகலாம். அதைவிட முக்கியமானது வேறொன்று. ஐ.ஜி.இ. இருப்பது ஒன்று, ஒவ்வாமை நோய் இருப்பது மற்றொன்று. இரத்தத்தில் ஐ.ஜி.இ. இருந்தும் அப்பொருளைத் தின்று நலமாக வாழ்பவர்கள் ஏராளம்.

நம் வட்டாரத்திற்கு இது பெரிதும் பொருந்தும். கோலசிலாங்கூரில் இறாலுக்குக் குறைவில்லை. இறாலின் தசையில் டிரோப்போமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. ஏறக்குறைய அதைப் போன்ற புரதமே வீட்டுத் தூசிப்பூச்சியிலும் கரப்பான் பூச்சியிலும் உண்டு. நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் தூசிப்பூச்சிக்கு மிகவும் ஏற்றவை. மெத்தையிலும் தலையணையிலும் அது பெருகிக் கிடக்கும். ஆகவே தூசிப்பூச்சியால் மூக்கொழுகும் ஒருவருடைய இரத்தத்தில் ‘இறால்’ என்ற இடத்திலும் எண் தோன்றக்கூடும். அவர் வாழ்நாளெல்லாம் இறால் தின்று ஒன்றும் ஆகாதவராக இருக்கலாம். அவர் எதற்காக இறாலை விட வேண்டும்? மாறாக, இறால் தின்றவுடன் உதடு வீங்கும் ஒருவருக்கு எண் சிறிதாக இருந்தாலும் அது பொருட்படுத்த வேண்டியதே. அப்படிப்பட்டவர் பெலாச்சானையும் மறந்துவிடக் கூடாது. அதுவும் கூனியில் செய்வதுதான். வேக வைத்தாலும் வறுத்தாலும் அந்தப் புரதம் எளிதில் அழிவதில்லை.

மற்றொன்று, குடற்புழு. சிலருடைய தாளில் ‘மொத்த ஐ.ஜி.இ.’ என்ற ஓர் எண் மிகப் பெரிதாக இருக்கும். குடற்புழு உள்ளவர்களுக்கும் தோல் கரப்பான் உள்ளவர்களுக்கும் அவ்வெண் உயர்ந்தே இருக்கும். அதனைக் கொண்டு மட்டும், ‘எனக்கு எல்லாமே ஒவ்வாது’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புழுவுக்கு மருந்து கொடுக்க வேண்டிய இடத்தில் உணவை நிறுத்துவதால் என்ன பயன்?

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். ரப்பர்ப் பாலில் உள்ள புரதங்களுக்கே சிலருக்கு ஒவ்வாமை உண்டு. ரப்பர்க் கையுறை அணிந்த ஒரு பெண்மணிக்குக் கை தடித்ததைப் பற்றி இங்கிலாந்தில் 1979-இல் ஒரு மருத்துவக் குறிப்பு வெளிவந்தது. 1980-களில் எயிட்ஸ் நோய் பற்றிய அச்சத்தால் உலகெங்கும் மருத்துவமனைகளில் கையுறைப் பயன்பாடு பன்மடங்கு பெருகியபோது, தாதியருக்கும் மருத்துவருக்கும் இத்தொல்லை பரவலாயிற்று. கையுறைக்குள் தூவும் மாவில் புரதம் ஒட்டிக்கொண்டு காற்றில் பறந்ததும் ஒரு காரணம். 1991-இல் அமெரிக்க அரசு மருத்துவர்களை எச்சரித்தது. மாவு தூவிய கையுறைகளை அது 2017-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து தடையே செய்துவிட்டது. நம் நாட்டு ரப்பருக்கு இது சாதாரண அடியா? 1925-இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தாரும், 1998 முதல் அதன் பணியை ஏற்ற மலேசிய ரப்பர் வாரியத்தாரும் புரதம் குறைந்த பாலையும் கையுறையையும் உருவாக்குவதில் பெரிதும் முயன்றனர். நாம் விடியற்காலையில் மங்கில் வடிக்கும் பாலுக்கு எங்கோ ஒரு மருத்துவமனையில் என்ன நேர்கிறது என்பது நம் கூலியையும் தொடுகின்ற செய்தியல்லவா!

அப்படியானால் கை அரிக்கும் ஒவ்வொரு வெட்டுத் தொழிலாளிக்கும் பால் ஒவ்வாதா? அவ்வாறு சொல்வதற்கில்லை. வியர்வை, பாலில் கலக்கும் அம்மோனியா, பால் உறையச் சேர்க்கும் ஆசிட் ஆகியவை தோலை வெறுமனே எரிப்பவை. கையுறை செய்யும்போது சேர்க்கும் இரசாயனங்களுக்கு ஒவ்வாமை ஏற்பட்டு, ஓரிரு நாள் கழித்துத் தோல் வெடிப்பதும் உண்டு. இவை எவற்றையும் இரத்தச் சோதனை காட்டாது. இரசாயன ஒவ்வாமையை அறிவதற்கு முதுகில் மருந்துப் பட்டையை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் சோதனை வேறு இருக்கிறது. ஆகவே இரத்தச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததைக் கொண்டு, ‘உனக்கு ஒன்றுமில்லை, வேலைக்குப் போ’ என்று ஒரு தொழிலாளியிடம் யாரும் சொல்லிவிட முடியாது. அதேபோல், ‘பால்’ என்ற இடத்தில் எண் தோன்றியதால் மட்டும் ஒருவர் வேலையை விட வேண்டியதுமில்லை. பலூன் ஊதும்போது உதடு வீங்கியதா, பல் மருத்துவரிடம் போனபோது வாய் தடித்ததா, வாழைப்பழம் தின்றால் நாக்கு அரிக்கிறதா என்றெல்லாம் மருத்துவர் கேட்பார். வாழையிலும் பப்பாளியிலும் ரப்பர்ப் பாலின் புரதத்தை ஒத்த புரதம் இருப்பதனால்தான் அப்படிக் கேட்கிறார். அறுவைச் சிகிச்சைக்குப் போகுமுன் இதனைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

குளவியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நிரையில் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அன்பரைக் குளவி கொட்டி, சில நிமிடங்களில் அவர் மயங்கி விழுந்தார். பக்கத்து நிரையில் ஆள் இருந்ததால் பிழைத்தார். ஒரு வாரத்தில் எடுத்த இரத்தச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ‘தப்பித்தேன்’ என்று அவர் மகிழ்ந்தார். மருத்துவர் அதற்கு உடன்படவில்லை. கொட்டிய உடனே எதிர்ப்பொருள் குறைந்து காணப்படலாம். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்றார். இரண்டாம் முறை எண் தெளிவாக வந்தது. அதன் பிறகு அவருக்கு அட்ரினலின் ஊசி கொடுக்கப்பட்டு, அதனைத் தொடையில் குத்திக்கொள்ளும் முறையும் கற்பிக்கப்பட்டது. தனியாக ஒதுக்கு நிரைக்கு அவரை அனுப்புவதில்லை என்று தண்டலும் ஒப்புக்கொண்டார். முதல் தாளை நம்பி அவர் வீட்டிலேயே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஐ.ஜி.இ. அன்றி ஐ.ஜி.ஜி. என்னும் வேறொரு எதிர்ப்பொருளை அளந்து, நூறு உணவுகள் ஆகாது என்று தாள் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நாம் அடிக்கடி உண்ணும் உணவுக்கு ஐ.ஜி.ஜி. உண்டாவது இயல்பு. அது உணவு ஒவ்வாமைக்குச் சான்றாகாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-இல் தெளிவாகவே அறிவித்துவிட்டது. அச்சோதனைக்குச் செலவழிக்கும் பணத்தில் வீட்டிற்கு முட்டை வாங்கலாம்.

அந்தப் பையனின் கதையை முடிக்கவில்லை. மருத்துவர் அவன் தாயிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். என்ன தின்றான், எத்தனை நிமிடத்தில் தடித்தது, ஒவ்வொரு முறையும் அப்படித்தானா என்று. தடிப்பு உணவைத் தொடர்ந்து வரவில்லை; காய்ச்சலோடும் வெயிலோடும் வந்தது. நெடுநாள் நீடிக்கும் தடிப்புக்குப் பெரும்பாலும் உணவு காரணமாவதில்லை. முட்டையும் பாலும் முன்பு தின்று அவனுக்கு ஒன்றும் ஆனதில்லை. நெடுநாள் நிறுத்திய உணவைத் திடீரென்று கொடுப்பதில் சில பிள்ளைகளுக்கு ஆபத்து உண்டென்பதால், மருத்துவரின் பார்வையில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். நிலக்கடலையைக் கடைசியில் கொடுத்தார்கள். இப்போது அவன் எல்லாம் தின்கிறான். தடிப்புக்கு வேறு மாத்திரை உண்டு.

உங்களில் யாருக்காவது இத்தகைய தொல்லை இருந்தால், முதலில் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பாருங்கள். தேவையென்றால் அவரே சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார். போகும்போது, தடித்த நாள், நேரம், அதற்கு முன் தின்றது, தொட்டது ஆகியவற்றை ஒரு பழைய நோட்டில் குறித்துக் கொண்டுபோங்கள். தடிப்பைப் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே எடுத்த தாள் இருந்தால் வெட்கப்படாமல் அதனையும் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ, தொண்டை இறுக்கமோ, மயக்கமோ வந்தால் மட்டும் நோட்டும் வேண்டாம், தாளும் வேண்டாம். 999-ஐ அழையுங்கள், ஆளைப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். இந்த இரத்தச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. அரிப்பு மாத்திரையை நிறுத்தவும் தேவையில்லை. பசியோடு பெரட்டிலிருந்து ஓடி வந்து மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.

நேரம் இருக்கிறது. கேள்விகள் இருப்பின் இப்போது கேட்கலாம்.