சேர்த்துச் செய்யும் தொழில்



நமது கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் புதியதொரு தொழிலைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். முப்பரிமாண அச்சு என்பது அதன் பெயர்.

தச்சர் இழைக்கும்போது மரச்சுருள் தரையில் விழுகிறது. லேத்துப் பட்டறையில் இரும்புச் சீவல் குவிகிறது. வேண்டாததைக் கழித்துப் பொருளைப் பெறுவது பழைய முறை. புதிய முறையோ சேர்த்துச் செய்வது. கணினியில் வடிவத்தை வரைந்து, அதனை மெல்லிய அடுக்குகளாகப் பகுக்கின்றனர். இயந்திரம் பிளாஸ்டிக்கையோ உலோகத் தூளையோ உருக்கி, கொத்தனார் சுவர் எழுப்புவது போல் அடுக்கின்மேல் அடுக்காகப் பொருளை எழுப்புகிறது. அமெரிக்கரான சக் ஹல் அடுக்கடுக்காகப் பொருளை எழுப்பும் ஒரு வழியை 1983-இல் கண்டு, 1986-இல் காப்புரிமை பெற்றார்.

பயன் யாது? லீப் விமான எஞ்சினின் எரிபொருள் தெளிப்பானைக் காண்போம். சுமார் 20 உறுப்புகளை இணைத்துச் செய்யப்பட்டு வந்த அதன் முனை, ஒரே உறுப்பாக அச்சிடப்பட்டது. எடையும் 25 விழுக்காடு குறைந்தது. விமானத்தின் எடை குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும். சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினுடன் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டை ஏவியது.

ஆயினும் இயந்திரத்தை வாங்கியதும் சிக்கனம் தானே வந்துவிடாது. அதுவும் மின்சாரத்தை உண்கிறது. அளவு பிசகிய பொருள் குப்பைக்கே போகிறது. ஒரே பொருள் இலட்சக்கணக்கில் வேண்டுமெனில் பழைய வார்ப்பு முறையே பெரும்பாலும் சிக்கனம். எங்கே பொருளைக் குறைக்கலாம், எங்கே வலிமை வேண்டும் என்று முடிவு செய்வது வரைபவரின் அறிவேயாகும்.

அந்த அறிவு நமக்குப் புதிதன்று. தோல் தொழில் செய்த நம் முன்னோர், துண்டு வீணாகாமல் தோலை அறுக்கக் கண்ணளவாலேயே அறிந்திருந்தனர். ஊரார் அதை அறிவென மதிக்கவில்லை; தொழிலைப் பிறப்போடு பிணைத்து இழிவென்றனர். இப்புதிய தொழிலுக்குப் பரம்பரை உரிமையாளர் எவருமிலர். ஆனால் அதன் வாயிலில் கணிதமும் வரைபடமும் நிற்கின்றன. அவற்றைக் கல்லாதவர் அந்தத் தொழிற்கூடத்திலும் கூட்டிப் பெருக்கவே அழைக்கப்படுவர்.

வடிவியலுக்கு அஞ்சி ஒதுங்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் வகுப்பில் காண்கிறோம். அந்த அச்சத்தைப் போக்குவதே நம் முதற்கடமை. ஃப்ரீகேட் போன்ற வரைவு மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. நம் சங்கத்தின் மாலை வகுப்பில் ஒரு கணினியேனும் வைத்து, ஆண், பெண் இருபாலருக்கும் வரையக் கற்பிப்போம். இயந்திரத்தைத் துடைப்பவராக அன்றி, அது செய்ய வேண்டியதை வரைபவராக நம் பிள்ளைகள் அங்கே நுழையட்டும்.