சேமிக்கும் நிய்யத் எங்கே பிறக்கிறது?

(கல்லூரி மாணவர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட மஜ்லிஸில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது ஹதீஸ் தொகுப்பை நிய்யத்தைப் பற்றிய நபிமொழியைக் கொண்டே தொடங்கினார்கள். சேமிப்புக்கும் நிய்யத்தே அடிப்படை. பணம் மிஞ்சினால் சேமிக்கலாம் என்றிருப்பவரிடம் பணம் மிஞ்சுவதே இல்லை. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையின் கையில் காசு தங்கவில்லையே என்று வருந்துகிறோம். அந்த நிய்யத் அவனுள் பிறப்பதற்கு நாம் என்ன செய்தோம்?

ஒரு செயலில் மனிதனுக்கு நாட்டம் உண்டாக மூன்று காரணங்கள் உள்ளன என்று உளவியல் அறிஞர் ஐசக் அய்சன் 1991ஆம் ஆண்டு எழுதினார். அச்செயல் நல்லது என்ற எண்ணம், சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்பு, தன்னால் இயலும் என்ற நம்பிக்கை ஆகியவையே அவை.

முதலாவது, எண்ணம். சேமிப்பைக் கஞ்சத்தனம் என்று கருதும் மாணவர் பலர். கஞ்சத்தனம், வீண்விரயம் இரண்டையும் திருமறை கண்டிக்கிறது, நடுநிலையையே புகழ்கிறது. செழிப்பான ஏழாண்டுகளில் உணவுக்கான சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரோடு சேமிக்குமாறு நபி யூசுஃப் (அலை) அவர்கள் வழிகாட்டினார்கள். பின்வந்த பஞ்சத்தில் மக்களைக் காத்தது அச்சேமிப்பே.

இரண்டாவது, சுற்றம். இங்கேதான் பெரியவர்களாகிய நாம் தலைகுனிய வேண்டியுள்ளது. வலீமாவுக்காக நகையை அடகு வைக்கும் வீட்டில் வளரும் பிள்ளை, சிக்கனம் பற்றிய நம் உபதேசத்தைச் செவியுறுவானா? தந்தை சபுரில் வெயிலில் நின்று ஈட்டும் பணம், இங்கே தவணையில் வாங்கிய செல்போனாகவும் மோட்டார் சைக்கிளாகவும் மாறுகிறது. தந்தைக்கு வேலை போனாலோ நோய் வந்தாலோ கடைசி ஆண்டுக் கட்டணத்திற்கு வட்டிக்காரனின் வாசலில் நிற்க நேர்கிறது. ஹராமின் கதவை அன்று திறந்துவிடுவது முந்தைய நாள்களின் வீண்விரயமே.

மூன்றாவது, இயலும் என்ற நம்பிக்கை. நாளொன்றுக்கு 20 ரூபாய் எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 7,300 ரூபாய். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடியும்போது 21,900 ரூபாய். சிறிதாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நாம் அறிந்ததே. செல்போனைத் தட்டிப் பணம் செலுத்தும் இக்காலத்தில் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே பணம் கைக்கு வந்த அன்றே ஒரு பகுதியை ஒதுக்கிவிட வேண்டும்.

இம்மூன்றும் ஒன்றுகூடியதற்கு மலேசியாவின் தபூங் ஹாஜி நல்ல சான்று. ஹஜ்ஜுக்காக நிலத்தையும் கால்நடையையும் விற்றுவிட்டு, திரும்பி வந்தபின் வறுமையில் வாடிய கிராம மக்களைக் கண்ட பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ், வட்டியில்லாச் சேமிப்புத் திட்டமொன்றை 1959இல் முன்வைத்தார். 1963இல் 1,281 பேருடன் அது தொடங்கியது. இன்று பல இலட்சம் மக்கள் அதில் சேமிக்கின்றனர். நோக்கம் உயர்ந்தது, வழி ஹலாலானது, ஊரே சேர்ந்து செய்தது. ஆகவே ஏழைகளாலும் இயன்றது.

வங்கியில் வட்டி சேருமே என்று அஞ்சிச் சேமிப்பையே கைவிட வேண்டியதில்லை. வட்டி சேராத நடப்புக் கணக்கு உண்டு. சேமிப்புக் கணக்கில் வட்டி சேர்ந்துவிட்டால், அதைத் தமக்குப் பயன்படுத்தாமல், நன்மையை எதிர்பாராது வறியவருக்குக் கொடுத்துவிடுமாறு உலமாக்கள் வழிகாட்டியுள்ளனர்.

பெற்றோர்களே! மாதச் செலவுக்கு ஒரு தொகையை வரையறுத்துப் பிள்ளையிடமே கொடுங்கள். கணக்கு எழுதச் சொல்லுங்கள். உங்கள் கணக்கையும் அவனுக்குக் காட்டுங்கள். மாணவர்களே! மேற்படிப்பு, உம்ரா, தங்கையின் படிப்பு என ஏதேனும் ஒரு நோக்கத்தை இன்றே நிய்யத் செய்யுங்கள். ஜமாஅத்தார்களே! விருந்துகளை எளிமையாக்குவோம், பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், செலவில் நடுநிலையையும், நம் சந்ததிகளுக்குக் கடனற்ற வாழ்வையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.